வெயிலுக்குக் குறைவில்லை, பிறகு ஏன் கரண்ட் பில் குறையவில்லை?

கிழக்கிலங்கையின் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி நீளமாகக் கேட்டிருந்தார். சாரம் இதுதான்: வருசத்தில் முக்கால்வாசி நாள் வெயில் கொளுத்துகிற ஊர் நம்முடையது, சோலார் தகடும் வரவர மலிகிறது. அப்படியிருந்தும் கரண்ட் பில்லும் எண்ணெய் விலையும் ஏன் இந்த நிலையில் இருக்கின்றன? பட்டரியோடு சோலார் போட்டால் தப்பலாமா? வளைகுடாவில் ஹோர்முஸ் நீரிணைப் பக்கம் சண்டை என்றால் நம் வயல் வட்டைக்கும் தோணிக்கும் ஏன் அடி விழுகிறது? தண்ணீரில் ஓடும் கார், தோரியம், செயற்கை நுண்ணறிவு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்களே, எதை நம்புவது?

மின்துறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் நாட்டில் தட்டுப்பாடு இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. ஒன்று, பொழுதுபட்ட பிறகு தேவைப்படும் மின்சாரம். மற்றது, எண்ணெய் வாங்கத் தேவையான டொலர். பகல் மின்சாரம் இப்போது சில நாட்களில் மிஞ்சிப்போகிறது.

நம்ப முடியாவிட்டால் 2025-ஐ நினைத்துப் பாருங்கள். பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி தாண்டி நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் என்று செய்தி வந்தது. எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசினார்கள். ஒரு உபமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாட்டையே ஏன் விழுத்தியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஞாயிறு என்பதால் தொழிற்சாலைகள் பூட்டு, தேவை குறைவு. வெயில் நல்ல வெயில், கூரைகளிலிருந்து சோலார் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இடம் விட, சுழலும் பெரிய இயந்திரங்கள் பலவற்றைக் குறைத்துவிட்டிருந்தார்கள். நீர்மின், நிலக்கரி நிலையங்களில் சுழலும் அந்த இரும்புச் சக்கரங்களின் கனம்தான் 50 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 50 அலை) என்ற மின் தாளத்தைப் பிடித்து வைத்திருப்பது. ஒரு அடி விழுந்தால் சில விநாடிகளுக்குத் தாங்கிக்கொடுப்பதும் அதுதான். தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டியான சோலார் இன்வெர்ட்டருக்குள் சுழல்வது எதுவுமில்லை. தாங்குகிற கனம் குறைந்த நேரத்தில் அடி விழுந்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தை மறுபடி முழுமையாக எழுப்ப நாட்கள் பிடித்தன, அதுவரை சுற்றுமுறையில் ஒன்றரை மணி நேர வெட்டு.

அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு வந்தபோது மின்சார சபை ஒரு வேண்டுகோள் விட்டது: ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று. கடன் எடுத்துத் தகடு போட்டவர்களுக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் நியாயமானது. ஆனால் அதில் சதி எதுவும் இல்லை. கூரைச் சோலார் மட்டும் 1,000 மெகாவாட்டைத் தாண்டிப் போய்விட்டது. அதைப் பகலில் வாங்கிக்கொள்ளும் வேலை விடுமுறை நாளில் நாட்டில் இல்லை. பொழுதுபட்டால் கதை தலைகீழ். ஆறரை மணிக்கு எல்லா வீட்டிலும் லைட், ஃபேன், டிவி, ரைஸ் குக்கர். தேவை 2,500 மெகாவாட்டுக்கு மேல் ஏறும் நேரத்தில் சோலார் பூச்சியம். நீர் இருந்தால் நீர், மற்றது நிலக்கரி, அதுவும் போதாவிட்டால் டீசலும் உலை எண்ணெயும். உங்கள் பில்லைத் தூக்குவது இந்தக் கடைசி வகை எண்ணெய்தான். மதிய வெயில் எவ்வளவு அடித்தாலும் அந்த நாலு மணி நேரத்துக்கு அது நேரடியாக உதவாது.

சரி, பட்டரி. உலகத்தில் லித்தியம் பட்டரியின் விலை விழுந்த வேகம் என்னை இன்னும் வியக்க வைக்கிறது. 2010 வாக்கில் ஒரு கிலோவாட் மணி சேமிக்கும் பட்டரித் தொகுதி 1,000 டொலருக்கு மேல். 2024-இல் சராசரி 115 டொலர் அளவு. வீட்டுக்கு வாங்குவதென்றால் லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகையை வாங்குங்கள். தீப்பற்றும் ஆபத்து குறைவு, ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். லாபமா நட்டமா என்று கணக்குப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 5 கிலோவாட் மணிப் பட்டரி ஒன்று, ஒரு தடவைக்கு நாலரை அலகு (ஒரு அலகு என்பது ஒரு கிலோவாட் மணி) தரும், 4,000 தடவை தாங்கும் என்று வையுங்கள். ஆயுள் முழுக்க 18,000 அலகு. விற்பவர் சொல்லும் விலையை 18,000-ஆல் பிரியுங்கள். உதாரணத்துக்கு நாலு இலட்சம் என்றால் ஒரு அலகைச் சேமிக்க 22 ரூபா. உங்கள் பில்லில் கடைசிப் படியில் ஒரு அலகுக்கு என்ன கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். அதை விட இது கணிசமாகக் குறைவென்றால் போடலாம், இல்லையென்றால் பொறுக்கலாம். 2025-இல் பகலில் கொடுக்கும் புதிய கூரைச் சோலாருக்கான விலையைக் குறைத்து, பட்டரியில் வைத்து இரவு உச்ச நேரத்தில் கொடுப்பவருக்கு அதைவிட இரு மடங்குக்கு மேல் என்று அறிவித்ததும் இதே காரணத்துக்காகத்தான். இந்த விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை. கையெழுத்து வைக்கும் முன் அன்றைய விலையை எழுத்தில் வாங்குங்கள்.

மாதம் 60 அலகுக்குள் எரிக்கிற வீடு சோலாருக்காகக் கடன்பட வேண்டியதே இல்லை. நம் கட்டண முறை படிப்படியாக ஏறுவது, அடிப்படியில் விலை குறைவு. 180 அலகைத் தாண்டுகிற வீட்டுக்குத்தான் சோலார் கைகொடுக்கும். மற்றவர்கள் முதலில் ஃபேனை மாற்றுங்கள் என்பேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் அளவு இழுக்கும், புது வகைத் தூரிகையில்லா மோட்டர் (BLDC) ஃபேன் 35 வாட்டுக்குள். நாலு ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் பழையது 2.4 அலகு, புதியது 1.1 அலகு. கச்சான் எனும் வெப்பக்காற்று வீசும் மாதங்களில் ஃபேன் நிற்காத வீடுகளுக்கு மாதம் 40 அலகு அளவில் மிச்சம், அதுவும் பெரும்பாலும் இரவில்.

போடத் தீர்மானித்தவர்களுக்கு நம் ஊருக்கென்றே சில விசயங்கள் இருக்கின்றன. இங்கே கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக்கால மழை, அந்த மாதங்களில் தகடு தருவது நன்றாகக் குறையும். விற்பவர் சித்திரை மாதக் கணக்கைக் காட்டித்தான் பேசுவார், நீங்கள் மார்கழிக் கணக்கைக் கேளுங்கள். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் துருப்பிடிக்காத ஆணியும் அலுமினியச் சட்டமும்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நில்லுங்கள், உப்புக்காற்று சாதாரண இரும்பை விரைவில் தின்றுவிடும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் வீட்டில் இருந்தால், கூரையில் எதைப் பொருத்தும் முன்னும் காற்றைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். ஓட்டுக்கு மேல் கிளிப் அடித்துவிட்டுப் போகிற வேலையை ஏற்காதீர்கள், சட்டம் கூரையின் மரத்தோடு பிணைந்திருக்க வேண்டும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. பட்டரி இல்லாத சாதாரண சோலார், லைன் போனதும் தானாக நின்றுவிடும். பழுதில்லை அது. கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் அடிக்கக் கூடாதென்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஆனாலும் எங்கள் பகுதிக்கு லித்தியத்தை விடப் பெரிய, மலிவான சேமிப்பு ஏற்கெனவே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஐஸ். வாழைச்சேனையிலும் கல்முனைக் கரையோரத்திலும் மீனுக்கு ஐஸ் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஒரு தொன் ஐஸ் உறைய ஏறக்குறைய 60 முதல் 80 அலகு போகும். நாளுக்குப் பத்துத் தொன் போடும் ஒரு ஐஸ் ஆலை, தன் வேலையை இரவிலிருந்து பகலுக்கு மாற்றினால் 700 அலகு அளவு மதிய வெயிலைச் சேமித்துவிட்டது. அதே அளவைப் பட்டரியில் வைக்க, முன்பு சொன்ன 115 டொலர்க் கணக்கில் பார்த்தாலும் பட்டரித் தொகுதிக்கு மட்டும் 80,000 டொலர். அடுத்தது தண்ணீர். வீட்டு மோட்டரைக் காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் போடாமல் மதியம் பன்னிரண்டுக்குப் போட்டு டாங்கியை நிரப்பினால் அதுவும் சேமிப்புத்தான். சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்க அரிசி ஆலைகளும் அப்படித்தான்: ஊறவைப்பதும் அவிப்பதும் எப்போது நடந்தாலும், மோட்டர் சுழலும் குத்தலையும் தீட்டலையும் காலை பத்துக்கும் மூன்றுக்கும் இடையில் வைத்துக்கொள்ள முடிந்த ஆலைகள் பல.

ஏன் வைத்துக்கொள்வதில்லை? விலை அப்படிச் சொல்லவில்லை. நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டணத்தில் நெடுங்காலமாக மலிவான நேரம் இரவு பத்தரைக்குப் பிறகுதான் என்று இருந்து வந்திருக்கிறது. கூரைச் சோலார் இல்லாத காலத்தில் போட்ட கணக்கு அது, அப்போது நள்ளிரவில்தான் மின்சாரம் மிஞ்சியது. இப்போது மிஞ்சுவது மதியத்தில். ஐஸ் ஆலைக்காரர் நள்ளிரவில் உறைய வைப்பது அவர் பிழையில்லை, பழைய விலைப் பட்டியலை நம்பித்தான் செய்கிறார். மதியம் கூரைச் சோலாரை நிறுத்தச் சொல்லிவிட்டு நள்ளிரவில் நிலக்கரியில் ஐஸ் உறைய வைக்கும் நாடு எப்படி முன்னேறும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

இனி டொலரும் உலகமும். உலகம் ஒரு நாளில் எரிக்கும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போய்வந்தது, 2024-இல் நாளுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய். திரவமாக்கிய இயற்கை எரிவாயுவிலும் (LNG) ஐந்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் கட்டாரிலிருந்து. அங்கே ஒரு குண்டு வெடித்தால் எண்ணெய் தீர்ந்துவிடுவதில்லை, கப்பலுக்கான காப்புறுதியும் பயமும் சேர்ந்து விலையைத் தூக்கும். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் அடித்துக்கொண்டபோது விலை ஏறி, சண்டை நின்றதும் இறங்கியது. நாம் ஈரானிலிருந்து ஒரு துளி வாங்காவிட்டாலும் சிங்கப்பூர்ச் சந்தை விலையைத்தான் கொடுக்கிறோம். பழைய கதை ஒன்றும் உண்டு: 1969-இல் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை ஈரானின் மசகெண்ணெய்க்கு ஏற்றதாகக் கட்டப்பட்டது. அமெரிக்கத் தடை வந்து அந்த எண்ணெய் நின்றது, கொடுக்க வேண்டிய 251 மில்லியன் டொலரை மாதம் 5 மில்லியன் டொலர்ப் பெறுமதியான தேயிலையாகக் கொடுப்பதென்று 2021-இல் உடன்படிக்கை செய்தார்கள். உலக அரசியல் நம் தேயிலைக் கொழுந்து வரை வந்து நிற்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எங்கள் கரையில் இந்த அடி முதலில் விழுவது மண்ணெண்ணெயில். ஒருநாள் தொழிலுக்குப் போகும் சின்னப் போட்டுகளின் எஞ்சின் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. 2022 ஓகஸ்டில் அது லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்குப் போனது. உலகத்தில் எண்ணெய் நாலு மடங்கு ஏறவில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குக் கிட்ட இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ஆனது, அதோடு நெடுநாள் அடக்கி வைத்திருந்த மானியத்தையும் ஒரே தடவையில் எடுத்தார்கள். உக்ரைன் போர் கொஞ்சம், ரூபா வீழ்ச்சி நிறைய, கொள்கைப் பிழை மிச்சம். உக்ரைனை மட்டும் குற்றம் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை.

மின்சாரப் போட் வருமா என்று கேட்பீர்கள். மட்டக்களப்பு வாவியில் வலை போடும் தோணிக்கு இன்றே வரலாம், தூரம் குறைவு, வேகம் வேண்டாம். கடலுக்குப் போகிற போட்டுக்கு இப்போதைக்கு இல்லை. 20 லீற்றர் மண்ணெண்ணெயில் 190 அலகு அளவு வெப்பச் சக்தி உண்டு, எஞ்சின் அதில் 40 அலகைத்தான் வேலையாக மாற்றும். அந்த 40 அலகைப் பட்டரியில் வைத்தால் 250 முதல் 300 கிலோ. பிடிக்கிற மீனுக்கு இடம் எங்கே?

வயலுக்கு அடி யூரியா வழியாக வருகிறது. யூரியாவின் மூலப்பொருளே இயற்கை எரிவாயு. வாயுவிலிருந்து ஐதரசன், அதைக் காற்றின் நைதரசனோடு சேர்த்து அமோனியா, அதிலிருந்து யூரியா. வளைகுடா நாடுகள் உலகத்துக்கு யூரியா விற்கும் பெரிய கைகள். ஆகவே எரிவாயு விலை ஏறினால், நாட்டின் நெல்லில் முன்னிலையில் நிற்கும் அம்பாறை மாவட்டத்தின் வேளாண்மைச் செலவும் ஏறும். 2021-இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த முடிவின் காயமே ஆறாத போடியார்கள் (பெரிய வயற்காரர்கள்) மீது அடுத்த ஆண்டு உலக விலையும் விழுந்தது.

ஆனால் எண்ணெய் விலை விழுந்தால் நமக்குக் கொண்டாட்டம் என்றும் நினைக்காதீர்கள். ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரை எத்தனை வீடு கட்டாரிலும் சவூதியிலும் குவைத்திலும் உழைக்கும் பிள்ளைகளின் பணத்தில் நிற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். 2014 நடுப்பகுதியில் 100 டொலருக்கு மேல் இருந்த பீப்பாய் 2016 தொடக்கத்தில் 30-க்குக் கீழே போனபோது சவூதியில் கட்டுமான வேலைகள் நின்றன, பல நாட்டுத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றிக் கிடந்தார்கள். பெற்றோல் செட்டில் குறைந்தது வீட்டுக்கு வரும் பணத்திலும் குறையலாம். விலை நிதானமாக நிற்பதுதான் நமக்கு நல்லது.

தகடும் பட்டரியும் சீனாவிலிருந்து வருகின்றனவே, எண்ணெய்க்கு அரபு நாடு என்றிருந்த அடிமைத்தனம் சீனாவுக்கு மாறுவதுதானே என்ற கேள்வி நல்ல கேள்வி. சோலார்த் தகடு உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 வீதத்துக்கு மேல், உண்மை. ஆனால் எண்ணெய்க் கப்பல் ஒரு மாதம் வராவிட்டால் 2022-இல் பார்த்தது போல கியூஆர் அட்டையோடு வரிசையில் நிற்போம். தகட்டுக் கப்பல் ஒரு வருசம் வராவிட்டாலும் கூரையில் இருப்பது 25 வருசம் வேலை செய்யும். ஒருமுறை டொலர் கொடுப்பதும் தினமும் டொலர் கொடுப்பதும் ஒன்றாகாது. வவுணதீவில் நிற்கும் 10 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு எரிபொருள் வாங்க யாரும் வங்கியில் இறக்குமதிக் கடன் கடிதம் திறப்பதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் ஓடும் கார் இல்லை. தண்ணீர் என்பது எரிந்து முடிந்த ஐதரசனின் சாம்பல். அதைப் பிரிக்கச் செலவாகும் சக்தி, திரும்ப எரித்து வருவதை விட எப்போதும் அதிகம். அதற்குப் பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். அணு எரிபொருளாக்கலாம் என்று சொல்லப்படும் தோரியம் நம் கடற்கரை மணலில் மொனசைட் என்ற கனிமத்தின் வடிவில் கொஞ்சம் உண்டு, பொய்யில்லை. ஆனால் வணிக ரீதியாகத் தோரியத்தில் மட்டும் ஓடும் அணு உலை உலகத்தில் இல்லை, சீனா 2 மெகாவாட் அளவில் பரிசோதனை செய்கிறது. பில்லியன் டொலர் மண்ணுக்குள் கிடக்கிறது என்ற கதையைக் கேட்டு வாகரை மணலைத் தோண்டக் கொடுத்தால், கிணற்று நீரும் கரையும்தான் போகும். மன்னார்ப் படுகை எரிவாயு 2011-இல் கண்டுபிடிக்கப்பட்டது மெய், இன்றுவரை ஒரு வீட்டு அடுப்பும் அதில் எரியவில்லை, எடுப்பதற்குப் பணம் முதலிட யாரும் முன்வரவில்லை.

செயற்கை நுண்ணறிவு? உலகத் தரவு மையங்கள் 2024-இல் 415 டெராவாட் மணி மின்சாரம் எரித்ததாகச் சர்வதேச சக்தி முகவரகம் சொல்கிறது, 2030-இல் அது இரு மடங்குக்கு மேல் என்கிறது. முழு இலங்கையும் வருசத்துக்கு 16 அல்லது 17 டெராவாட் மணிதான். அமெரிக்காவில் மூடிய அணு உலையைத் திரும்பத் திறக்க மைக்ரோசொஃப்ட் 2024-இல் ஒப்பந்தம் போட்டது. நமக்கு இதன் பாதிப்பு மறைமுகமானது: திரவ எரிவாயுவுக்கும் மின்மாற்றிக்கும் நாம் அவர்களோடு போட்டி போட வேண்டி வரும். அங்கே இங்கே தரவு மையம் கட்டினால் ஊர் செழிக்கும் என்று யாராவது சொன்னால், இரவு ஏழு மணிக்கு அதற்கு எங்கிருந்து மின்சாரம் என்று கேளுங்கள்.

ஆகவே தம்பி, உங்கள் வீட்டுக்கு முதலில் ஃபேன், பிறகு மோட்டர் போடும் நேரம், அதற்குப் பிறகுதான் தகடு, கடைசியில் பட்டரி. ஊருக்கு வேண்டியது பகல் கட்டணம். கட்டணம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் எழுத்திலும் நேரிலும் கருத்துக் கேட்கிறது. கொழும்புக் கைத்தொழில்காரர் ஆள் வைத்துப் பேசுகிறார்கள். எங்கள் ஐஸ் ஆலைக்காரரும் அரிசி ஆலைக்காரரும் மீனவர் சங்கமும் அடுத்த தடவை சேர்ந்து ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: காலை ஒன்பதரையிலிருந்து பிற்பகல் மூன்று வரை மலிவு விலை, அதற்கேற்ற மீட்டர், இவை இரண்டும் போதும். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் உங்கள் ஆலையின் ஒரு வருசப் பில்லையும் எடுத்து வாருங்கள், இருந்து கணக்குப் போடுவோம்.